பிளாஸ்டிக் தாளுக்குள் பிளாஸ்மா எரியுமா?

கேள்வி இது: "வளைக்கக்கூடிய, ஊடுருவித் தெரிகிற பிளாஸ்மா விளக்குகளை பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தே செய்யலாம் என்று படித்தேன். பிளாஸ்மா என்றால் ஆயிரக்கணக்கான டிகிரி சூடு ஆயிற்றே, பிளாஸ்டிக் உருகாதா? உண்மையென்றால் ஏன் கடையில் கிடைக்கவில்லை? கல்லூரி புராஜெக்டுக்கு நாங்களே செய்து பார்க்கலாமா?"

எரியும். உருகாது. செய்தும் காட்டியாயிற்று. கடைக்கு வராததற்குச் சூடு காரணமில்லை, அது வேறு கதை. அந்தக் கதைதான் இந்தப் பதிலில் பெரும்பகுதி.

முதலில் சூட்டு பயத்தைத் தீர்த்துவிடுவோம். பிளாஸ்மா என்றதும் வெல்டிங் பட்டறையின் ஆர்க்தான் நமக்கு ஞாபகம் வரும். வீட்டு டிராயரில் பழைய டெஸ்டர் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பிளக் பாயின்ட்டில் வைத்துத் தலையைத் தொட்டால் உள்ளே ஆரஞ்சாக மினுங்குகிறதே, அந்தக் குட்டி பல்புக்குள் இருப்பது நியான் வாயுவின் பிளாஸ்மா. டெஸ்டரின் உடம்பு பிளாஸ்டிக். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் கைக்குச் சூடு தெரிவதில்லை.

அங்கே சூடு இல்லாமல் இல்லை. எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். எலக்ட்ரானின் சக்தியை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட், ஒன்றே ஒன்று இருந்தாலும், 11,600 கெல்வினுக்குச் சமம். ஆனால் அந்த எலக்ட்ரான்கள் எண்ணிக்கையில் சொற்பம், எடையில் அதைவிடச் சொற்பம். ஒரு நியான் அணு ஓர் எலக்ட்ரானைப் போல 36,000 மடங்குக்கு மேல் கனம். கடுகு போய் இரும்புக் குண்டில் மோதினால் குண்டு நகருமா? ஒவ்வொரு மோதலிலும் எலக்ட்ரான் தன் சக்தியில் ஏறக்குறைய பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கைத்தான் அணுவின் ஓட்டத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே வாயு அறை வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரியைத் தொடும். ஆனால் கையில் விழுந்தால் சுரீர் என்பதோடு சரி. மின்னோட்டத்தை அளவோடு வைத்திருந்தால் பிளாஸ்டிக்குக்கும் அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் அளவு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டியூப் லைட்டுக்குள் வாயு மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது, இரண்டு மூன்று டார்தான் (டார் என்பது அழுத்தத்தின் அலகு). வெளிக்காற்று 760 டார். இந்த வித்தியாசத்தைக் கண்ணாடிக் குழாய் தாங்கும், உருண்டையான வடிவம் அதற்குக் கைகொடுக்கும். தட்டையான பிளாஸ்டிக் தாள் தாங்குமா? காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. உள்ளங்கை அளவு தாள், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வையுங்கள், அதன் மேல் நூறு கிலோ. ஒரு குவிண்டால் மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி சப்பென்று ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பாஷன் விதி உதவுகிறது. 1889-இல் ஃபிரீட்ரிக் பாஷன் கண்டது: ஒரு வாயுவில் மின்சாரம் உடைத்துக்கொண்டு பாய எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது அழுத்தத்தை மட்டுமோ இடைவெளியை மட்டுமோ பொறுத்ததல்ல, இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. இடைவெளியைக் குறைத்தால் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குழாயின் விட்டத்தையும் குழியின் அகலத்தையும் வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். டியூப் லைட் விட்டம் 2.6 சென்டிமீட்டர், அழுத்தம் 3 டார். பெருக்கினால் 8-க்குச் சற்றுக் குறைவு. இப்போது தலைமுடி பருமனுக்கு, அதாவது 100 மைக்ரானுக்கு ஒரு குழி, உள்ளே வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே வாயு: 0.01 சென்டிமீட்டர் பெருக்கல் 760 டார். விடை 7.6. அதே எண்! குழியைத் தலைமுடி அளவுக்குச் சுருக்கிவிட்டால் வெற்றிடமே தேவையில்லை. உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் தாள் நசுங்காது, வளைத்தாலும் பாதகமில்லை. பிளாஸ்டிக் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே இந்தக் கணக்கால்தான்.

இதைச் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெயின். அந்த ஊருக்கும் பிளாஸ்மாவுக்கும் பழைய உறவு. 1964-இல் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் முதல் பிளாஸ்மா திரையை அங்கேதான் செய்தார்கள், பிளேட்டோ என்ற கணினிவழிப் பாடத் திட்டத்துக்காக. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் கேரி ஈடனும் சங்-ஜின் பார்க்கும் நுண்குழிப் பிளாஸ்மாவில் பல வருடம் உழைத்தார்கள். சிலிக்கானில் குழி, பீங்கானில் குழி, அலுமினியத் தகட்டில் குழி என்று போய், 2007, 2008 வாக்கில் பிரையன் கனிங்ஹாமின் குழுவோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். கனிங்ஹாம் விளக்குக்காரர் இல்லை. புரதம், மருந்து மூலக்கூறு போன்றவற்றைக் கண்டறியும் ஒளி உணரிகள் செய்பவர். அந்த உணரிகளுக்காக நானோமீட்டர் அளவு வரிகளை பிளாஸ்டிக் தாளில் அச்சு எடுக்கும் கை அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. நானோமீட்டரில் அச்செடுத்த கைக்கு 100 மைக்ரான் குழி எம்மாத்திரம்!

செய்முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் ஒரு சிலிக்கான் வில்லை. கம்ப்யூட்டர் சிப் செய்கிற அதே முறையில் ஒளி உணரும் பூச்சு பூசி, மாஸ்க் வைத்து, அரித்து, வேண்டிய உருவத்தைப் பொறிப்பார்கள். தாளில் பள்ளம் வேண்டிய இடத்தில் இதில் மேடு. கொழுக்கட்டை அச்சு மாதிரி எல்லாம் தலைகீழ். காசு பிடிக்கிற வேலை இது ஒன்றுதான், அதுவும் ஒரு தடவைதான். வார்ப்பு அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஃப்ளூரின் சேர்ந்த சிலேன் ஒன்றின் ஆவியை அதன் மேல் காட்டுவார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற அதே காரியம்; தடிமன் மட்டும் ஒன்றிரண்டு மூலக்கூறு.

அப்புறம் புற ஊதா ஒளி பட்டால் இறுகுகிற திரவப் பாலிமர், சில சொட்டு. அதன் மேல் பெட் தாள் ஒன்று. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருள்தான். ரோலரை மெல்ல உருட்டினால் திரவம் பள்ளம் மேடெல்லாம் பரவி நிரம்பும். அவசரப்பட்டு உருட்டினால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். குமிழி உட்கார்ந்த குழி பின்னால் எரியாது. புற ஊதா விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டியதும் திரவம் கெட்டியாகிவிடும். தாளின் ஓரத்தைப் பிடித்து உரித்தால் ஆயிரக்கணக்கான குழிகள் அச்சு அசலாகத் தாளோடு வந்துவிடும். அடுப்பு வேண்டாம், வெற்றிட அறை வேண்டாம். அதே அச்சு அடுத்த தாளுக்குத் தயார். குழி மட்டுமில்லை, 20 முதல் 150 மைக்ரான் அகலத்தில் நீண்ட வாய்க்கால்களாகவும் வார்த்து அதில் பிளாஸ்மாவை ஓடவிட்டிருக்கிறார்கள். கோடாக, வளைவாக, வேண்டுமானால் கோலமாகவும் ஒளியை இழுத்துக்கொண்டு போகலாம் என்பது இதன் பொருள்.

அதன் பிறகு எலக்ட்ரோடு. ஊடுருவித் தெரிய வேண்டுமென்றால் செல்போன் தொடுதிரையில் இருக்கிற இண்டியம் டின் ஆக்சைடு பூசுவார்கள். அது பீங்கான் ஜாதி. அளவுக்கு மீறி வளைத்தால் கீறல் விடும். மெல்லிய உலோக வலை, வெள்ளி நுண்கம்பி என்று மாற்று உண்டு, அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இன்னொரு தாளால் மூடி, காற்றை எடுத்துவிட்டு நியானை நிரப்பி, சில நூறு வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் எரிகிறது. அணைத்தால் பொறித்த பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கும். ஜன்னல் கண்ணாடி மாதிரித் துல்லியமாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலிமரின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, குழிக்குள் வாயுவுக்கு 1. ஒவ்வொரு குழி ஓரமும் ஒளியைச் சிதறடிக்கும், லேசாக மங்கல் தட்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் சோக் விவகாரம். டியூப் லைட் ஒருமுறை பற்றிக்கொண்டால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் சோக். பத்தாயிரம் குழிக்கு பத்தாயிரம் சோக்கா வைப்பது? வேண்டியதில்லை. எலக்ட்ரோடுக்கும் வாயுவுக்கும் நடுவில் ஒரு மின்கடத்தா அடுக்கு இருக்கிறது, பாலிமரே அந்த வேலையைச் செய்யும். பிளாஸ்மா பற்றியதும் மின்னூட்டம் சுவரில் போய்ப் படிகிறது. படியப் படிய அது வெளியே கொடுத்த வோல்ட்டை எதிர்த்து நின்று, தானே தன்னை அணைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் திசை மாறும்போது சுவரில் படிந்த அதே மின்னூட்டம் இப்போது கூடச் சேர்ந்து தள்ளும், மறுபடி பற்றும். வினாடிக்குப் பல்லாயிரம் தடவை. ஒவ்வொரு குழியும் தன் சோக்கைத் தன் சுவரிலேயே வைத்திருக்கிறது. 1857-இல் வெர்னர் சீமன்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த குழாயில் இருந்ததும் இதே தத்துவம்தான்.

சரி, இவ்வளவும் நன்றாக இருக்கிறதே, எங்கே இடிக்கிறது?

ஆய்வு மாணவப் பருவத்தில் நானும் இப்படி ஒரு செல், அதாவது வாயு அடைத்து மூடிய குட்டி விளக்கு, செய்தேன். இரண்டு பெட் தாள், ஓரமெல்லாம் எப்பாக்சி, மூலையில் ஒரு குட்டிக் குழாய். பம்ப் போட்டு இழுத்து, நியான் நிரப்பி, குழாயை நசுக்கி மூடினேன். ராத்திரி பத்து மணிக்கு ஸ்விட்ச் போட்டால் தகதகவென்று சுத்தமான ஆரஞ்சு. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் பிடித்து வளைத்தேன், அப்போதும் எரிந்தது. உலகத்தையே ஜெயித்துவிட்ட நினைப்பு. காலையில் வந்து போட்டால் ஆரஞ்சைக் காணோம். ஒரு மூலையில் மட்டும் சோகை பிடித்த மாதிரி வெளிறிய ஊதா கலந்த ரோஸ். வோல்ட்டை ஏற்றினேன், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துடித்தது. சாயங்காலம் அதுவும் இல்லை. வழிகாட்டி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "செல் மூச்சு விடுதுப்பா."

அந்த ரோஸ் நிறம் நைட்ரஜனின் கையெழுத்து. பிளாஸ்டிக் பார்வைக்குத்தான் கெட்டி, வாயுவுக்கு அது சல்லடை. கோலி சோடாவின் கண்ணாடியில் எத்தனை நாள் வைத்தாலும் காரம் இறங்காது. சின்ன பெட் பாட்டில் குளிர்பானத்தைச் சில மாதம் மறந்துவிட்டுத் திறந்து பாருங்கள், புஸ் சத்தமே பாதிதான் வரும். அதே பெட்தான் நம் விளக்கின் சுவர். உள்ளேயிருந்து நியான் நழுவும், வெளியேயிருந்து காற்றும் ஈரமும் நுழையும். போதாததற்கு பிளாஸ்டிக்கே தனக்குள் குடித்து வைத்திருக்கிற தண்ணீரையும் கரைப்பானையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும்.

கொஞ்சம் அசுத்தம் சேர்ந்தால் என்ன என்று தோன்றலாம். நியானை ஒளிரவைக்க அதற்கு 16.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஊட்ட வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறை அயனியாக்கவே 15.6 போதும், அதை அதிரவைக்க அதைவிட எவ்வளவோ குறைவு போதும். கல்யாணப் பந்தியில் வாசலிலேயே பாதி பேர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? எலக்ட்ரானின் சக்தியெல்லாம் நைட்ரஜனிடமே போய்விடும். குழி சின்னதாக இருப்பதும் இங்கே எதிராகத் திரும்புகிறது. டியூப் லைட்டில் ஒரு கன சென்டிமீட்டர் வாயுவைச் சுற்றி ஒன்றரை சதுர சென்டிமீட்டர் சுவர் இருக்கிறது. 100 மைக்ரான் கனசதுரக் குழியில் அதே அளவு வாயுவைச் சுற்றி 600. கக்குகிற சுவர் 400 மடங்கு அதிகம்! வெற்றிடத் தொல்லையிலிருந்து தப்பிக்கவைத்த அந்தச் சின்ன அளவுதான் இந்தத் தொல்லையைக் கொண்டுவந்து சேர்த்தது.

கண்ணாடியில் இதற்கு வழி உண்டு. பழைய நியான் போர்டு செய்பவர்கள் வாயு நிரப்பும் முன் குழாய்க்குள் பெரிய மின்னோட்டத்தைச் செலுத்தி 200 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். கண்ணாடி மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துக்கொண்டு, அது பழுப்பாகிக் கருகினால் போதும் என்று கணக்கு. சுவரில் ஒட்டியிருந்த ஈரமெல்லாம் ஆவியாகிவிடும், பம்ப் இழுத்துக்கொள்ளும். பெட் தாளை அப்படிச் சுட முடியுமா? 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

மடக்கும் போன் திரைக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஓஎல்இடி திரைக்கு ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு மேல் ஈரம் புகக்கூடாது என்பார்கள். மெல்லிய பெட் தாள் வழியே கிராம் கணக்கில் புகும். ஆக்சைடு ஓர் அடுக்கு, பாலிமர் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பூசித்தான் சமாளித்தார்கள். அதை இங்கேயும் செய்யலாம். செய்தால் மலிவு என்று ஆரம்பித்த பிளாஸ்டிக் விளக்கின் மலிவு எங்கே நிற்கும்?

அடுத்த வில்லன் புற ஊதா. நியான் நேராகவே ஆரஞ்சுச் சிவப்பில் எரியும். வெள்ளை வேண்டுமென்றால் செனான் கலந்து, அது வீசும் 147, 172 நானோமீட்டர் புற ஊதா ஒளியை, அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் பாஸ்பர் பூச்சின் மேல் விட வேண்டும், பிளாஸ்மா டிவியில் செய்த மாதிரி. 172 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றுக்கு 7.2 எலக்ட்ரான் வோல்ட். பிளாஸ்டிக்கின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க அதில் பாதி போதும். அறுந்தது வாயுவாகி மறுபடி குழியை அசுத்தமாக்கும். பிளாஸ்மா டிவியில் மக்னீசியம் ஆக்சைடு அடுக்கு ஒன்று சுவரைக் காத்தது. பிளாஸ்டிக்கின் மேல் ஆக்சைடு பூசலாம்தான், ஆனால் வளைக்கும்போது அது விரிசல் விட்டால் எல்லாம் பழையபடி.

இதோடு எல்இடி வந்து சந்தையை மூடிவிட்டது. இன்று காபி கடைச் சுவரில் 'நியான்' என்று எழுதித் தொங்கும் வளையும் விளக்கைத் தொட்டுப் பாருங்கள். சிலிக்கோன் உறைக்குள் எல்இடி பட்டை, 12 வோல்ட் அடாப்டர், ஒரு துளி நியான் கிடையாது. 12 வோல்ட்டில் வளைந்து எரிகிற ஒன்று இருக்கும்போது, சில நூறு வோல்ட்டில் எரிந்து மறுநாள் சோகை பிடிக்கிற ஒன்றை யார் வாங்குவார்?

அதற்காக அந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஈடனும் பார்க்கும் 2007-இல் ஈடன் பார்க் இல்லுமினேஷன் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். நுண்குழித் தத்துவம் அங்கே தட்டையான புற ஊதா விளக்குகளாகப் போய்ச் சேர்ந்தது: செனான் வைத்து 172 நானோமீட்டர், கிரிப்டான்-குளோரின் சேர்க்கை வைத்து, கிருமி கொல்லும் 222 நானோமீட்டர். இவற்றின் சுவரில் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை. எல்இடியால் சுலபமாகத் தொட முடியாத அலைநீளங்களில் பிளாஸ்மாவுக்கு இன்னும் ராஜ்யம் இருக்கிறது.

பிளாஸ்டிக்குக்கு என் கணிப்பில் வேறு இடம் பொருந்தும்: மூடவே தேவையில்லாத பிளாஸ்மா. திறந்த காற்றிலேயே எரியவிட்டு ஓசோன் எடுப்பது, பரப்புகளைக் கிருமி நீக்குவது போன்ற வேலைகள். அங்கே வாயு கசிகிறதே என்ற கவலை இல்லை, வருடக்கணக்கில் உழைக்கவும் வேண்டாம், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடலாம். 2017-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அலுமினியம் பூசிய காகிதத்திலேயே இப்படிக் கிருமி நீக்கும் பிளாஸ்மா செய்து காட்டினார்கள். காகிதம் தாங்குகிற வேலையை வார்த்த பிளாஸ்டிக் தாராளமாகத் தாங்கும்.

புராஜெக்ட் விஷயம். முழு விளக்கையும் செய்ய ஆசைப்படாதீர்கள். சில நூறு வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரம் விளையாட்டில்லை, மூடிய அறையில் ஓசோன் நெஞ்சை எரிக்கும். துறையில் உயர் மின்னழுத்த ஆய்வகமும் பொறுப்பான ஆசிரியரும் இருந்தால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம். வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வார்ப்புப் பாதிக்கு பிடிஎம்எஸ் என்கிற சிலிக்கோன் ரப்பர் போதும். பத்துக்கு ஒன்று என்று கெட்டியாக்கியைக் கலந்து, டெசிக்கேட்டரில் (பம்ப் வைத்துக் காற்றை இழுக்கும் மூடிய பாத்திரம்) வைத்துக் குமிழியெல்லாம் மேலே வந்து உடையும்வரை காத்திருந்து, அச்சில் ஊற்றி, 60, 70 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம். உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அச்சின் அகலமும் வார்ப்பின் அகலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளந்து எழுதுங்கள். பிடிஎம்எஸ் இறுகும்போது ஓரிரு சதவீதம் சுருங்கும், அது உங்கள் அளவில் தெரிய வேண்டும்.

பிளாஸ்மா பாதிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் நியான் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, தொடரில் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர், ஆய்வகத்தின் டிசி சப்ளை. ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். பல்புக்குப் பல்பு மாறும், ஏறக்குறைய 65 முதல் 90 வோல்ட்டுக்குள் எங்கேயோ பட்டென்று பற்றும். இப்போது இறக்கிக்கொண்டே வாருங்கள்: பற்றிய வோல்ட்டில் அணையாது, அதற்குப் பத்து இருபது வோல்ட் கீழே போன பிறகுதான் அணையும். அந்த இடைவெளியைப் பத்து பல்புகளில் அளந்து வரைபடம் போடுங்கள். டிசியில் இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும்தான் ஒளிரும், எது என்பதையும் குறித்து வையுங்கள். வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.